நூறு விழுக்காடு தேர்ச்சி

என் மகள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. காரணம் நான். எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் தோட்டம் ஒன்றில் ஒரு சின்னப் பெண் பத்து மாதத்துக்கு மேல் மருத்துவரைப் பார்க்காமல் இருந்தாள். அதற்கும் காரணம் நான்தான். இரண்டையும் ஒரே அழிரப்பரால் செய்தேன். முதலாவதைச் சொல்லும்போது என் மனைவி சிரிக்கிறாள். சில நேரம் எனக்கும் சிரிப்பு வருகிறது. இரண்டாவதைச் சொல்லும்போது இருவருமே சிரிப்பதில்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியவில்லை.

நான் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் மூன்று தோட்டப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். கடைசிப் பள்ளி பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே இருந்தது. அந்த ஊருக்கு அரசாங்கம் எப்போதோ வேறு பெயர் வைத்துவிட்டது. தோட்டத்து ஆட்கள் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே. அங்கே ஒரு வருடம் ஆறாம் ஆண்டுச் சோதனையில் எல்லாப் பிள்ளைகளும் தேறினார்கள். மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரானாலும் நூறு விழுக்காடு நூறு விழுக்காடுதான். பள்ளி வாசலில் பதாகை கட்டினோம். அதில் பிள்ளைகளின் படங்கள் சின்னதாகவும் என் படம் பெரிதாகவும் இருந்தன. என் குற்றம் அந்தப் பதாகையில்தான் தொடங்கியது என்று மகள் சொல்கிறாள். மறுக்க முடியவில்லை.

மகள் கோலாலம்பூரில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். சின்னப் பிள்ளைகளின் ஆட்டிசம் பற்றியது. அவளுடைய துறையில் ஒரு விதி உண்டு: பட்டம் வேண்டுமென்றால் குறைந்தது ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டுரைக்காகத்தான் ஒரு பள்ளி விடுமுறையில் என்னிடம் வந்தாள்.

அவள் கையில் இரண்டு பக்கக் கேள்வித்தாள் இருந்தது. இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் தாய்மார்களிடம் கேட்பது. ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா, வேண்டியதை விரலால் காட்டுகிறதா என்பது போன்ற கேள்விகள். தெரிந்தவர் ஒருவர் தமிழில் வாய்விட்டுப் படித்தால் தோட்டத்துத் தாய்மார்கள் நன்றாகப் பதில் சொல்கிறார்களா என்று பார்ப்பதுதான் ஆய்வு. மூன்று இடங்கள். பாகான் நக்கோடா ஓமார் பக்கம் ஓய்வு பெற்ற தாதி ஒருவர் கேட்பார். பத்தாங் காலியில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. மூன்றாவது இடத்துக்கு நான்.

"இதுல ஆட்டிசம் இருக்கா இல்லையான்னு தெரியாதுப்பா" என்றாள் மகள். "நெறைய 'இல்ல' வந்தா அந்தப் பிள்ளைய டாக்டர்கிட்ட அனுப்பணும், அவ்ளோதான். நீங்க கேள்விய படிக்கணும், அவங்க சொல்றத டிக் பண்ணணும். வேற ஒன்னும் செய்யக்கூடாது."

"வேற என்னம்மா செய்யப்போறேன்?"

"அதான்பா எனக்குப் பயமா இருக்கு."

அவள் பயந்தது வீண் போகவில்லை. முதல் நாளே கேள்வித்தாளின் தமிழைத் திருத்த உட்கார்ந்தேன். 'பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குதா' என்று பேச்சு வழக்கில் இருந்ததை 'விளிக்கும்பொழுது திரும்பி நோக்குகின்றதா' என்று மாற்றினேன். மகள் அதைப் படித்துப் பார்த்து, "இந்தத் தமிழ எந்தத் தோட்டத்துல பேசறாங்கப்பா?" என்று கேட்டுவிட்டு, பழையதையே மறுபடி அச்சடித்துக் கொண்டுவந்தாள்.

அடுத்தது பென்சில். பேனாவால் நிரப்பச் சொல்லியிருந்தாள். நான் கடைக்குப் போய் ஒரு பெட்டி 2பி பென்சிலும் நான்கு அழிரப்பரும் வாங்கினேன். கட்டம் போட்டிருந்தால் அது புறவயக் கேள்வி, விடையைத் தெரிவு செய்து குறிப்பது. புறவயக் கேள்விக்கு 2பி பென்சில். முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பேனாதான் வேண்டும் என்று சொன்னதற்கு அவளிடம் காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபத்தில் ஏற்பாடு. நாற்காலிகளை ஒரு கை இடைவெளி விட்டு வரிசையாகப் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. தாய்மார்கள் இடுப்பில் பிள்ளைகளோடு வந்தார்கள். பாதிக்கு மேல் என் பழைய மாணவிகள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து, "வணக்கம் சா...ர்" என்று பழைய ராகத்தில் இழுத்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் வாயில் இருந்த பிஸ்கட்டைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அந்தக் கணத்தில் நான் ஆய்வு உதவியாளன் என்பது எனக்கே மறந்துபோனது.

ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வகுப்பில் தப்பான பதில் வந்தால் திட்டமாட்டேன். இடது புருவம் மட்டும் மேலே போகும். அது போவது எனக்குத் தெரியாது. மாணவர்களுக்குத் தெரியும்.

"விரலால காட்டி எதாச்சும் கேக்குமா?"

"இல்ல சார்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கேக்கும் சார். நேத்துகூட கேட்டுச்சு."

"என்ன கேட்டது?"

"அது வந்து... வாழப்பழம் சார்."

"நல்லது" என்று சொல்லி 'ஆமாம்' கட்டத்தில் குறித்தேன். நான் பொய் குறிக்கவில்லை. அவள் சொன்னதைத்தான் குறித்தேன். இப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்னொருத்தி நேரடியாகவே கேட்டாள். "இதுல எது சார் சரியான பதில்?" சரி, தப்பு என்று இதில் எதுவும் கிடையாது என்று சொல்லியிருக்க வேண்டும். "நிதானமா யோசிச்சா தெரியும்மா" என்றேன். அவள் நிதானமாக என் முகத்தைப் பார்த்து யோசித்தாள். அவள் பிள்ளைக்கு எல்லாமே 'சரியான' பதில்.

நான்கு பேர் முடிவதற்குள் கேள்வித்தாள் வெளியாகிவிட்டது. எழுந்து போனவள் உட்கார்ந்திருந்தவளிடம், "மொத கேள்வி பேரு சொல்லிக் கூப்புடறது. ஆமான்னு சொல்லிரு. நடுவுல சத்தம் கேட்டா காதப் பொத்திக்குமான்னு ஒன்னு வரும், அதுக்கு மட்டும் இல்லன்னு சொல்லணும்லா" என்று சொல்வது என் காதில் விழுந்தது. பள்ளியில் என்றால் அவள் காதைத் திருகியிருப்பேன். இங்கே எனக்குப் பெருமையாக இருந்தது. நம் பெண்கள் கெட்டிக்காரிகள்.

கடைசியாக வந்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆண்டில் அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். 'நான் ஒரு பேனா' என்று தன்கதை எழுதச் சொன்னபோது, 'நான் பேனா இல்லை. நான் ஐந்தாம் ஆண்டு மாணவி. பேனா பேசாது' என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தவள் அவள். முட்டை போட்டேன். மற்றவர்கள் பேனா கடையில் பிறந்து குப்பைத் தொட்டியில் இறந்த கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். இப்போது அவள் தோட்டத்து நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறாள். புருஷன் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறான். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் பிள்ளை.

பிள்ளையைக் கீழே விட்டாள். அது மண்டபத்து வாசலில் லோரியிலிருந்து உதிர்ந்து கிடந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கி வந்து, தரைக்கல்லின் ஓரமாக வரிசையாக வைக்க ஆரம்பித்தது. பெரியதிலிருந்து சின்னது வரை, கோடு போட்டது போல. நான் குனிந்து ஒரு பழத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன். என்னைப் பார்க்காமலே அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தது.

"கெட்டிக்காரப் பிள்ளைம்மா" என்றேன். "கணக்குல வருவா."

"கெட்டிக்காரிதான் சார். அதுக்கு நா வரல. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா. டிவில அந்த மைலோ விளம்பரம் வந்தா மட்டும் பின்னாலேருந்து ஓடி வருவா. காது நல்லாத்தான் கேக்குது."

கேள்விகளைப் படித்தேன். இல்ல சார் என்றாள். புருவம் போயிருக்க வேண்டும். அவள் புருவத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், "இல்ல சார்" என்றாள் மறுபடியும். மொத்தம் ஏழு 'இல்லை'. மருத்துவரிடம் அனுப்ப அது தாராளமாகப் போதும்.

பிள்ளை வாசல் பக்கம் போகிறது என்று அவள் எழுந்து திரும்பினாள். நான் ரப்பரை எடுத்தேன். ஏழில் ஐந்தை அழித்து 'ஆமாம்' ஆக்கினேன். பள்ளியில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறும் பிள்ளைக்குக் கருணை மதிப்பெண் போடுவது உண்டு. அந்தக் கைதான் இதையும் செய்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும், "ஒன்னும் பயப்படாதம்மா. பாஸ்" என்றேன்.

ஏன் செய்தேன் என்று மகள் பிற்பாடு கேட்டபோது பல காரணம் சொன்னேன். நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி வெளிநாட்டு ஆய்விதழில் குறைவாக வரக்கூடாது. அந்தத் தாய் வீணாகக் கவலைப்படக்கூடாது. பிள்ளை அத்தனை அழகாகப் பழம் அடுக்கியதே. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. முழு உண்மை என்னவென்றால், என் முன்னால் அடுக்கியிருந்த தாள்களில் அந்த ஒன்றைத் தவிர எல்லாம் தேறியிருந்தன. இன்னும் ஒன்று தேறினால் நூறு விழுக்காடு.

மகள் கட்டுரையை எழுதி முடித்து, அனுப்புவதற்காகவே ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். தனியாக அனுப்பத் தைரியம் வரவில்லை என்றாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு உட்கார்ந்தாள். கட்டுரையை ஓர் உறையில் போட்டு அனுப்புவது போன்ற வேலை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அந்த ஆய்விதழின் இணையத்தளம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. தலைப்பு நீளம் என்றது. படம் சின்னது என்றது. படத்தைப் பெரிதாக்கினால் கனமாக இருக்கிறது என்றது. நெறிமுறை அனுமதி எண்ணைக் கேட்டது. இதழாசிரியருக்கு ஒரு கடிதம் கேட்டது. நடுவில் அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். நீங்கள் நெடுநேரம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லி வெளியே தள்ளிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னுமா போகல? போஸ்ட்டுல போட்டிருந்தா நேத்தே போயிருக்கும்லா."

"அம்மா, ப்ளீஸ்மா. ரிவியூவர் பேரு கேக்குது."

கட்டுரையைப் படித்துத் தீர்ப்புச் சொல்லத் தகுந்த மூன்று பேரை நாமே பரிந்துரைக்கலாமாம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பள்ளியைச் சோதிக்க வரும் அதிகாரியை நாங்கள் நாசிர் என்போம். நாசிர் வருகிறார் என்றால் ஒரு வாரத்துக்குக் கழிவறை கழுவப்படும். "நாசிர நாமே தேர்ந்தெடுக்கலாமாம்மா? எங்க காலத்துல இது இல்லாம போச்சே" என்றேன்.

"நாம குடுக்கற ஆளையே போடுவாங்கன்னு நிச்சயமில்லப்பா."

நன்றியுரையில் என் பெயரைப் போட்டிருந்தாள். மக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று. சுல்தான் பிறந்தநாளில் எனக்குக் கிடைத்த பதக்கத்தின் மூன்று எழுத்துகளையும் பெயருக்குப் பின்னால் சேர்க்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன்.

"அப்பா, ஜர்னல்ல அதெல்லாம் போட மாட்டாங்க."

"கேட்டுப் பாத்தா என்ன?"

"யாரக் கேக்கறது?" என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

கடைசிப் பக்கம் வந்தது. தகவல்கள் உண்மையாகவும் முறையாகவும் திரட்டப்பட்டவை என்று உறுதி கூறுகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். "எல்லாம் சரிதானப்பா?" என்று கேட்டாள். களைப்பில், விளையாட்டாகத்தான் கேட்டாள். மனைவி கேசரித் தட்டை என் முன்னால் வைத்தாள். நான் கேசரியைப் பார்த்துக்கொண்டு, "சரிதாம்மா" என்றேன். அவள் கட்டத்தில் அழுத்தினாள். அதில் பேனாவும் இல்லை, பென்சிலும் இல்லை. அழிக்க முடியாத குறி அது.

மாலையில் மனைவி பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தாள். ஒரே அடியில் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்றாள்.

மகள் ஊருக்குப் போகும்போது கட்டுரையின் அச்சுப் பிரதி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். நன்றியுரையை இரண்டு முறை படித்துவிட்டு மற்றப் பக்கங்களைப் படித்தேன். மூன்று இடங்களில் இரண்டில் சில பிள்ளைகள் மருத்துவரிடம் போக வேண்டியவர்களாக இருந்தார்கள். என் இடத்தில் ஒருவர்கூட இல்லை. ஏன் இல்லை என்பதற்கு அவள் ஒரு விளக்கம் எழுதியிருந்தாள். ஒரு பக்கம் முழுக்க. தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறது. பிள்ளையை நாள் முழுக்கப் பத்துப் பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தூக்குகிறார்கள், பேசுகிறார்கள். அந்தக் கூட்டு வாழ்க்கைதான் பிள்ளைகளின் தொடர்புத் திறனை வளர்த்திருக்கக் கூடும் என்று. லயத்தைப் பற்றி அவ்வளவு அழகாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. கண் கலங்கியது. அந்த ஒரு பக்கத்துக்கும் ஆதாரம் என் புருவமும் ரப்பரும்தான் என்பது அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாசிர் கண்டுபிடிக்காத தவறு தவறாகாது என்று ஒரு பழைய எண்ணம் எனக்குள் இருந்தது. தினமும் காலையில் மகளைக் கூப்பிட்டு, "கட்டுரை என்னாச்சு?" என்று கேட்பேன். தளத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்றே போட்டிருக்கிறது என்பாள். எனக்கு நிம்மதியாக இருக்கும். நான்கு மாதம் அப்படிப் போனது.

நாசிர் கண்டுபிடித்துவிட்டார்; கட்டுரை திரும்பி வந்தது. முகம் தெரியாத இரண்டு பேர் கட்டுரையைப் படித்திருந்தார்கள். முதலாமவர் பாராட்டியிருந்தார். இரண்டாமவர், லயம் பற்றிய விளக்கம் சுவையானது, ஆனால் அதைவிட எளிய விளக்கம் ஒன்று இருக்கலாம், அந்த இடத்தில் கேள்வி கேட்டவர் யார், அவருக்கும் தாய்மார்களுக்கும் என்ன உறவு, மூலத் தாள்களை யாராவது சரிபார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். எந்த நாட்டில் எந்த மேசையில் உட்கார்ந்து எழுதினாரோ தெரியாது. என் மண்டபத்து நாற்காலிகளை எட்டிப் பார்த்தவர் போல எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் தாள்களை எடுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் பரப்பினாள். ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அப்பா, இதுல அழிச்சிருக்கு."

"ஆமாம்மா."

"எதால அழிச்சிருக்கு?"

"ரப்பராலதான்."

"யாரு அழிச்சது?"

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். இவ்வளவு சுலபமான கேள்விக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மாணவனை நான் பார்த்ததில்லை. "நான்தாம்மா" என்றேன். பிறகு நாற்காலிகள், புருவம், வெளியான கேள்வித்தாள், வாழைப்பழம் எல்லாவற்றையும் சொன்னேன். வாழைப்பழத்தில் அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றதும், "அந்த லயம் பேஜ எழுத எனக்கு மூனு வாரம் ஆச்சுப்பா" என்றாள்.

"நல்லா எழுதியிருந்தம்மா."

"பேசாம இருங்கப்பா."

மனைவி கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊரு பிள்ளைங்களயெல்லாம் பாஸ் பண்ணிட்டு சொந்தப் பிள்ளைய ஃபெயில் பண்ணிட்டாரு மனுஷன்."

 மகள் அந்தத் தாளை மறுபடி வெளிச்சத்தில் பிடித்து, அழிந்த குறிகளை விரலால் தடவி, நான் விட்டுவைத்த இரண்டு 'இல்லை'யையும் சேர்த்து எண்ணினாள். ஏழு என்று வந்தது. "இந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள். பட்டம் என்ன ஆகும் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு முதலில் வந்த கேள்வி அது. அதைக் கேட்டபோதுதான் என் செயலின் அளவு எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை நாங்கள் தோட்டத்துக்குப் போனோம். வண்டியில் போகும்போது மன்னிப்புக்கு ஒரு சிறிய உரை தயார் செய்தேன். தொடக்கம், கருத்து, முடிவு என்று மூன்று பத்தி. மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள். "வாய்க்குள்ள என்னப்பா ஒத்திகையா?" என்றாள். நிறுத்திவிட்டேன்.

அந்தத் தாய்க்கு அன்று விடுப்பு. லயத்து வீட்டின் முன்னால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை வளர்ந்திருந்தது. வாசலில் துணிக் கவ்விகளை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்க சார். ஒக்காருங்க, கோப்பி கலக்கறேன்."

"கோப்பி வேணாம்மா. ஒன்னு சொல்லணும்." மூன்று பத்தியில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "அன்னைக்கு நீ சொன்ன பதில நான் அழிச்சிட்டேம்மா."

"தெரியும் சார்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நா திரும்பிப் பாத்தேனே. நீங்க ரப்பர் வெச்சு அழிச்சிட்டு ஊதிட்டு இருந்தீங்க."

"அப்பறம் ஏம்மா ஒன்னும் கேக்கல?"

கையில் இருந்த ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "நீங்க அழிச்சா அது தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார். நாந்தான் பிள்ளைய சரியா பாக்கலன்னு. கிளினிக்குல தேதி வாங்கி வெச்சிருந்தேன். மாமியாரு, அதான் சார் பாஸ்னு சொல்லிட்டாரே, அப்பறம் எதுக்குன்னாங்க. போகல."

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் அந்தத் தோட்டத்தில் வாசிக்கக் கற்றுக் கொடுத்தேன், கூட்டக் கழிக்கக் கற்றுக் கொடுத்தேன். என் ரப்பர் தன் கண்ணைவிடச் சரியாக இருக்கும் என்பதையும் நான்தான் கற்றுக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு பாடத்தை அவள் மறக்கவே இல்லை.

"நீ சரியாத்தாம்மா பார்த்தே. நான்தான் தப்பு. மன்னிச்சுடு" என்றேன். பழைய மாணவியிடம் அந்தச் சொல்லை அதற்குமுன் சொன்னதில்லை. அவள் என் மகளைப் பார்த்தாள். பிறகு, "பேனா கட்டுரைக்கு முட்ட போட்டதுக்கும் சேத்தா சார்?" என்றாள்.

"அதுக்கும் சேத்துத்தான்."

"அப்பன்னா எத்தன மார்க்?"

"உண்மைக்கு முழு மார்க். ஆனா மூனே வரி எழுதினதுக்குக் கொஞ்சம் கொறைக்கணும்."

"அதான பாத்தேன்" என்று சொல்லி, கோப்பி கலக்க உள்ளே போனாள். மகள் அப்போதே கைப்பேசியை எடுத்து மருத்துவமனையில் தேதி கேட்க ஆரம்பித்திருந்தாள். கிடைத்த தேதி ஆறு வாரம் தள்ளி. பத்து மாதத்துக்கு முன்னால் அந்தத் தாய் தானாகவே வாங்கி வைத்திருந்த தேதியை நினைத்துக்கொண்டேன்.

மகள் ஆய்விதழுக்கு உண்மையை எழுதிவிட்டாள். என் இடத்துத் தகவல்களை முழுவதும் எடுத்துவிட்டு, அந்தத் தாய்மார்களிடம் பாகான் நக்கோடா ஓமாரின் தாதியை அனுப்பி மறுபடி கேட்கச் சொன்னாள். எனக்கு வண்டி ஓட்டும் வேலை மட்டும். மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்; ஒரு தாய் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நிற்கப் போனாள். தாதி வந்து ஜன்னலைச் சாத்தினார். முன்பு எல்லாமே 'சரியாக'ச் சொன்னவர்களில் இன்னும் இருவருடைய பிள்ளைகளுக்கும் மருத்துவமனைத் தேதி எடுக்க வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து யோசித்தவளின் பிள்ளை அதில் ஒன்று.

கட்டுரையை இரண்டாம் முறை அனுப்பியாகிவிட்டது. அதே சாப்பாட்டு மேசை, அதே இணையத்தளம். படம் இந்த முறை பெரிது என்றது. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று மகள் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. லயம் பற்றிய பக்கம் போய்விட்டது. நன்றியுரையிலிருந்து என் பெயரும் போய்விட்டது. ஆனால் ஆய்வின் குறைபாடுகள் என்ற பகுதியில், ஓரிடத்தில் கேள்வி கேட்டவர் அந்தத் தாய்மார்களின் முன்னாள் தலைமையாசிரியராக இருந்ததால் அங்கே திரட்டிய தகவல்கள் நீக்கப்பட்டு மீண்டும் திரட்டப்பட்டன என்று ஒரு வரி இருக்கிறது. "ஒங்க பேரு வருதோ இல்லையோ, கொறபாட்டுல வந்துட்டீங்க" என்றாள் மனைவி. தளத்தில் இப்போது மறுபடியும் 'பரிசீலனையில் உள்ளது'. நான் தினமும் கேட்பதில்லை.

மருத்துவமனைக்குப் போன அன்று நான்தான் பழம் அடுக்கிய பிள்ளையையும் தாயையும் வண்டியில் அழைத்துப் போனேன். புருஷன் லோரியோடு ஆலைக்குப் போயிருந்தான். பின் இருக்கையில் பிள்ளை, துணிக் கவ்விகளைப் பையில் போட்டுக் கையோடு கொண்டு வந்திருந்தது. உள்ளே கூப்பிடுவதற்குமுன் தாதி ஒருவர் தாயிடம் நான்கு பக்கப் படிவத்தையும் ஒரு பேனாவையும் கொடுத்தார். ஆமாம், இல்லை என்று கட்டங்கள். தமிழில்தான் இருந்தது.

நான் பக்கத்து நாற்காலியில் கிடந்த நாளிதழை எடுத்து விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். புருவம் வெளியே தெரியாத உயரத்தில்.

கொஞ்ச நேரம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"சார், சில சமயம் மட்டும் திரும்பிப் பாத்தா, அது ஆமாவா இல்லையா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன் நாளிதழுக்குப் பின்னாலிருந்து.

"நீங்க இப்படிச் சொல்லி நா கேட்டதே இல்ல சார்."

பேனா மறுபடி ஓடத் தொடங்கியது. எந்தக் கட்டத்தில் என்று நான் பார்க்கவில்லை.